சீசன் கடைசியில் கவுதாரியைப் படம் பிடிப்பது எப்படி

டிசம்பரில் கவுதாரி சிக்கவில்லை என்று மார்ச் கடைசியில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறைய. தாராளமாகக் கிளம்பலாம், ஆனால் டிசம்பரில் சுற்றிய மாதிரியே சுற்றினால் ஒன்றும் கிடைக்காது. மழைக்கு வளர்ந்த புல்லெல்லாம் காய்ந்து படுத்திருக்கும், சருகில் கால் வைத்தாலே சத்தம், அதுவும் பொங்கலில் இருந்து ஞாயிறுதோறும் யாராவது துரத்திக்கொண்டே இருந்ததில் ஆள் தலை தெரிந்தவுடன் முள்ளுக்குள் புகுந்துவிடும். கவுதாரி இறக்கையைவிடக் காலைத்தான் நம்பும். பின்னால் போகப் போக ஓடிக்கொண்டே இருக்கும். ரொம்ப நெருங்கினால் படபடவென்று எழுந்து, செம்பழுப்பு வாலை மட்டும் காட்டிவிட்டு, கொஞ்ச தூரத்தில் இறங்கி மறுபடி ஓடும்.

அதனால் துரத்தாதீர்கள், உட்காருங்கள்.

எங்கே உட்காருவது என்பதைக் காதுதான் சொல்லும். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம், சிறுசேரி பக்கம் இன்னும் கட்டடம் முளைக்காத முட்புதர் நிலங்கள் இருக்கின்றன (நன்மங்கலம் போன்ற காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்). ஏப்ரல் நெருங்கினால் இனப்பெருக்கக் காலம் என்பதால் விடியும்போதே கத்த ஆரம்பிக்கும், ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) லாரிச் சத்தத்தையும் மீறி 'கதீதர் கதீதர்' என்று கேட்கும். முதல் நாள் கேமராவைப் பையிலேயே வைத்துக்கொண்டு, குரல் வரும் திசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் போய்த் தரையைப் பாருங்கள்: சீமைக் கருவேலம் ஓரமாகப் பொடி மண்ணில் கிண்ணம் மாதிரி சின்னக் குழிகள், பக்கத்தில் ஒன்றிரண்டு வரி போட்ட இறகு, முன்பக்கம் மூன்று விரல் பதிந்த தடம். அது மண் குளியல் போடும் இடம்.

அடுத்த நாள் ஐந்தரைக்கெல்லாம் அங்கே போய், முதுகு கிழக்கே இருக்கும்படி ஒரு புதரை ஒட்டி அமர்ந்துவிடுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம். செருப்பும் வேண்டாம், கருவேல முள் ரப்பரைத் துளைத்துக்கொண்டு ஏறும், கண்ணாடி விரியன் நடமாடும் இடமும் கூட, ஷூ போட்டுக்கொண்டு டார்ச் அடித்துத் தரையைப் பார்த்த பிறகே உட்காருங்கள். கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள். ஷட்டர் சத்தத்தை அணைத்துவிடுங்கள், ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் ஓட்டமும் உறையும். பறவை தலை நிமிர்த்தும்போது வெளிர் தொண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரியும், ஃபோகஸ் அங்கே. எட்டரைக்கு மேல் தரையில் இருந்து கானல் எழும்பும், எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் படம் குழைந்துதான் வரும், கிளம்பிவிடலாம்.

மொபைலில் குரலைப் போட்டு வரவழைக்கும் வேலை மட்டும் வேண்டாம். வேறொரு ஆண் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்து அது முட்டையையும் ஜோடியையும் விட்டுவிட்டு அலையும். அப்புறம், வறுவலுக்கு ஆசைப்பட்டுக் கூடவே வரும் மாமாக்களுக்கு: சுடுவதும் கண்ணி வைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புதர் அடியில் கண்ணி கட்டியிருப்பதைப் பார்த்தால் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.