ஓக்கா தொட்டியை அவசரப்பட்டுக் கவிழ்க்காதீர்கள்

முதல் வருடம் ஸ்காட்லாந்தில் வீட்டுக் கொல்லையில் இரண்டு தொட்டி ஓக்கா போட்டேன். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைக் கிழங்கு இது, நம்ம புளியாரைக்கு நெருங்கிய சொந்தம். அதே மூன்று இலை, அதே புளிப்பு. செப்டம்பர் கடைசியில் செடி தொட்டியை மூடி வழிந்தது. உருளைக்கிழங்கு நினைப்பில் ஒன்றைக் கவிழ்த்தேன். வெள்ளை வேரும், மொச்சைக்கொட்டை அளவில் ஒன்றிரண்டு இளஞ்சிவப்பு முண்டும்தான் இருந்தன. கடுப்பில் இன்னொரு தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிசம்பரில் அதைக் கொட்டினால், ஒரு பாத்திரம் நிறையக் கிழங்கு!

ஓக்கா, அதே மலையின் வேறு கிழங்குகளான உல்லுக்கோ, மாஷ்வா மூன்றும் கிழங்கு வைப்பது பகலின் நீளத்தைப் பார்த்து. அவற்றின் சொந்த ஊரான பெரு, பொலிவியா மலைகளில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். எடின்பரோவிலோ ஜூனில் 17 மணி நேரத்துக்கும் மேல். அதனால் கோடை முழுக்க இலையாகவே வளர்த்துக்கொண்டிருக்கும். செப்டம்பர் 22, 23 வாக்கில் இரவும் பகலும் சமமான பிறகுதான் கிழங்கு வேலையைத் தொடங்கும். இரவெல்லாம் வாசல் விளக்கு எரியும் இடத்தில் தொட்டியை வைத்தால் இன்னும் தாமதமாகலாம்.

ஆக, அக்டோபர், நவம்பரில் செடியை உயிரோடு வைத்திருப்பதுதான் முக்கியம். தொட்டியில் வளர்ப்பவருக்கு இதில் ஒரு வசதி: உறைபனி வரும் இரவில் தூக்கி உள்ளே வைத்துவிடலாம். அந்த வசதியை மறந்துவிடுவதுதான் அடுத்த தவறு. தரையில் குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். தொட்டி நாலா பக்கமும் உறையும். உறைந்த கிழங்கு கூழாகிவிடும். பனியில் தழை கருகினாலும் உடனே தோண்டாதீர்கள். தண்டில் மிச்சமிருக்கும் சத்து கிழங்குக்கு இறங்கும்; பனி படாத இடத்தில் இரண்டு வாரம் விடுங்கள்.

10 லிட்டர் தொட்டி போதும் என்று நினைக்காதீர்கள். ஓக்காவுக்கு 20 லிட்டராவது வேண்டும். இன்னொரு ஆண்டீஸ் கிழங்கான யாக்கோனுக்கு 40 இருந்தால் நல்லது. கறுப்புத் தொட்டியை ஜூலை வெயிலில் வைத்தால் மண் கொதிக்கும். வெயில் தாங்காத உல்லுக்கோ வாடிப்போகும். இது கொடிப்பசலைக் குடும்பம், கீரையும் சாப்பிடலாம். விதைக்கிழங்கு வழியாக வைரஸ் வரும் என்பதால் கண்ட இடத்தில் வாங்க வேண்டாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் மிஞ்சும். ஓக்கா தண்டு சாயச் சாய மண் அணைத்துக்கொண்டே வாருங்கள், அந்தக் கணுக்களிலும் கிழங்கு பிடிக்கும்.

மாஷ்வா ஆள் உயரத்தைத் தாண்டி ஏறும் கொடி. பந்தல் இல்லாமல் விட்டால் பக்கத்துத் தொட்டிகளை அமுக்கிவிடும். அது ஆண்களின் ஆசையைக் குறைக்கும் என்பது ஆண்டீஸ் நம்பிக்கை. வீரர்கள் மனைவியை மறந்திருக்க இன்கா மன்னர்கள் அதைப் படைக்குக் கொடுத்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் பெர்னபே கோபோ எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அதன் கடுகு நெடிதான் பிரச்சினை. வேக வைத்தால் அடங்கும்.

அறுவடை ஆன பிறகும் உருளைக்கிழங்கு புத்தி விடாது. பச்சையாகி விஷமாகிவிடுமோ என்று ஓக்காவை இருட்டில் பூட்டிவைக்கிறோம். அப்படி ஒன்றும் ஆகாது. ஜன்னலோரம் நாலைந்து நாள் வெயில் காட்டினால் புளிப்பு தணிந்து இனிப்பு ஏறும். மலையிலும் அப்படித்தான் வெயிலில் பரப்புகிறார்கள்.

யாக்கோனில் வேறு கதை. அடியில் தொங்கும் பெரிய கிழங்கை விதைக்கென்று எடுத்துவைத்து, முளைக்கவில்லையே என்று வசந்தத்தில் புலம்புவார்கள். அது முளைக்காது, அதைத் தின்றுவிடலாம். தண்டை ஒட்டி, இஞ்சிபோல் முடிச்சு முடிச்சாக, செம்மொட்டுகளோடு இருப்பதுதான் விதை. லேசான ஈரமணலில் புதைத்து, பனி எட்டாத மூலையில் வையுங்கள்.