பிளாக் புரைக்கு வெளிப்பூச்சு: முதன்முறை பூசுபவர்கள் சறுக்கும் இடங்கள்

விறகு அடுக்கவோ ரப்பர் ஷீட் காயப்போடவோ வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக்கில் ஒரு சின்னப் புரை, அதாவது கொட்டகை. சுவரைக் கொத்தனார் எழுப்பிவிட்டார், பூச்சை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் செங்கல் சுவர் பூசுவதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பிளாக்கில் கை வைத்தால், முதலில் சறுக்குவது தண்ணீரில்தான்.

செங்கல் சுவரை ஓஸ் பிடித்து ஊற ஊற நனைப்பார்கள். செங்கலுக்கு அது சரி. சிமெண்ட் பிளாக் அப்படியில்லை. நனைந்தால் லேசாக விரியும், காய்ந்தால் சுருங்கும். ஊறிய சுவரில் பூசினால், பின்னால் சுவர் சுருங்கும்போது பூச்சும் மூட்டு வழியாகக் கீறும். மேலே தண்ணீர் மினுங்கினால் சாந்து பிடிக்காமல் வழுக்கி இறங்கும். அதற்காக வறண்ட சுவரிலும் பூசக்கூடாது. சாந்தின் ஈரத்தைச் சுவரே குடித்துவிடும். தூசியைப் பிரஷால் தட்டிவிட்டு லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். தெளித்தது உள்ளே இழுத்து, தொட்டால் குளிர்ச்சி மட்டும் தெரிகிற பதத்தில் தொடங்குங்கள். சுவர் கட்டின கையோடு பூசவும் வேண்டாம், சில வாரம் காயட்டும்.

சிமெண்டை அள்ளிப் போட்டால் பூச்சு உறுதியாகும் என்பது அடுத்த நினைப்பு. பிளாக்கைவிடப் பூச்சு கடினமானால் கீறலும் பெயர்தலும்தான் மிச்சம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போதும். மணல் என்றதும் குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்கரை நினைவுக்கு வரலாம். வேண்டவே வேண்டாம்! அதிலுள்ள உப்பு சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பெயிண்டையும் தள்ளிவிடும். பூச்சுக்கென்றே விற்கும் பி-சாண்டை வாங்குங்கள்.

புதுக் கை மெதுவாகத்தான் போகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். இறுகத் தொடங்கிய சாந்தில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் அதில் பலம் இருக்காது.

வெளிப்பூச்சு மொத்தம் 20 மில்லிமீட்டர் வரும். ஒரே மூச்சில் அப்பினால் தொங்கிவிடும். முதல் பூச்சு 12 மில்லிமீட்டர்; இளசாக இருக்கும்போதே கரண்டி நுனியால் கோடு கீறிவிட்டு, அது இறுகியபின் இரண்டாவது. பளபளப்புக்காகக் கடைசியில் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பார்கள் பலர். சிலந்திவலை போல நுண்கீறல் விழுவது பெரும்பாலும் அதனால்தான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் நல்ல வெயில் என்று தொடங்கினால் மாலையில் மழை கரைத்துவிடும். தை, மாசி தோதான மாதங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சிக்கல் வேறு: காற்றாலை சுற்றுகிற காற்று பச்சைப் பூச்சைச் சுண்ட வைத்துவிடும். அங்கே ஈரச் சாக்கைத் தொங்கவிடாமல் வேலை நடக்காது. எந்த ஊரானாலும் நிழலைப் பின்தொடருங்கள்: காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்குப் பிறகு கிழக்குச் சுவர். முடித்த மறுநாள் முதல் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். பூச்சு அங்கங்கே வெளுத்துத் தெரிந்தால் நேரம் தவறிவிட்டது என்று பொருள்.

அப்புறம், பூச்சை மண்ணுக்குள் இறக்காதீர்கள். தரைக்கு மேல் அரைச் சாண் விட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் அடியிலிருந்து ஈரம் ஏறும்.