பேச்சுப் போட்டியில் இருவர் சம மதிப்பெண் பெற்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதிப்பெண்களைக் கூட்டி முடித்ததும் இரண்டு மாணவர்கள் ஒரே மொத்தத்தில் நிற்பது பேச்சுப் போட்டிகளில் அரிதன்று. அதை எப்படித் தீர்ப்பது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்குவதே முதல் தவறு. கருத்துக்கு முன்னுரிமை தந்தால் ஒரு மாணவியும் உச்சரிப்புக்கு முன்னுரிமை தந்தால் மற்றொரு மாணவியும் வெல்வார் என்பது தெரிந்த பிறகு வகுக்கும் விதி, எவ்வளவு நல்லெண்ணத்தோடு வகுத்தாலும், ஒருவரைத் தேர்ந்தெடுப்பதாகவே அமையும். எனவே முதல் பேச்சாளர் மேடையேறுவதற்கு முன்பே அந்த விதியை எழுதி, நடுவர்களுக்கும் மாணவர்களுக்கும் படித்துக் காட்டிவிட வேண்டும்.

மொத்தத்தை மட்டுமே நம்புவது அடுத்த தவறு. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். மூன்று நடுவர்கள் ஒரு மாணவருக்கு 82, 80, 60 என்றும், மற்றவருக்கு 74, 73, 75 என்றும் அளித்திருந்தால் இருவருக்கும் மொத்தம் 222தான். ஆனால் மூவரில் இருவர் முதல் மாணவரையே சிறந்தவராகக் கருதியிருக்கிறார்கள். மூன்றாம் நடுவர் காட்டிய பெரிய இடைவெளியே இந்தச் சமநிலையை உண்டாக்கியது. ஆகவே எத்தனை நடுவர்கள் யாரை முன்னிறுத்தினார்கள் என்பதை முதலில் பார்ப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து. நடுவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்து, எந்த நடுவரும் இருவருக்கு ஒரே மதிப்பெண் தராமல் இருந்தால், இருவருக்கு இடையிலான சமநிலை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூவர் சமனானால், முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் வெல்வதாக இந்த ஒப்பீடு முடிவு தராமல் சுற்றிச்சுற்றி வரக்கூடும். இதற்கும் வழி உண்டு: மேடைப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் பன்னாட்டு அமைப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ் நடத்தும் போட்டிகளில் சமநிலைக்கென்றே ஒரு நடுவர் தனியாக அமர்ந்து, போட்டியாளர்கள் அனைவரையும் வரிசைப்படுத்தி எழுதித் தருகிறார். சமநிலை ஏற்பட்டால் மட்டுமே அந்தத் தாள் பயன்படுகிறது. பள்ளிகளும் இதை எளிதில் பின்பற்றலாம்.

நடுவர் ஒருவரை அழைத்து, "ஒரு மதிப்பெண் கூட்டிப் போடுங்கள்" என்று கேட்பதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அந்த ஒருவரே முடிவு செய்தவராகிறார். மற்றவர்களின் தாள்களுக்குப் பொருளில்லாமல் போகிறது. வயதில் இளையவர், இதுவரை பரிசு பெறாத பள்ளி போன்ற காரணங்களும் சீட்டுக் குலுக்கலும் பேச்சின் தரத்தோடு தொடர்பற்றவை.

சமனானவர்களை உடனடித் தலைப்பில் மீண்டும் பேசவைப்பது நியாயமாகத் தோன்றினாலும், தயாரித்துப் பேசும் போட்டியில் அது வேறொரு திறனைச் சோதிக்கிறது. ஒரே தலைப்பைக் கொடுத்தால் இரண்டாவதாகப் பேசுபவருக்குச் சிந்திக்கக் கூடுதல் நேரமும் கிடைத்துவிடுகிறது.

எந்த வழியிலும் தீராவிட்டால் இருவருக்கும் முதலிடம் அளித்து, அடுத்தவரை மூன்றாம் இடத்தில் வைக்கலாம். அப்போது கோப்பையையும் பரிசுத் தொகையையும் எப்படிப் பகிர்வது என்பதும் முன்பே எழுதிய விதியில் இருக்க வேண்டும். சான்றிதழில் இருவருக்கும் "முதலிடம்" என்றே எழுத வேண்டும்.