டிபி பாக்ஸ் கோளாறு: கண்டுபிடிக்க மட்டும் எவ்வளவு ஆகும்? (கோத்தகிரி வீட்டுக் கணக்கு)

போன ஐப்பசி மழையில எங்க வீட்ல சாயங்காலம் கீசர் போட்டா போதும், டிபி பாக்ஸ்ல (வீட்டு மெயின் சுவிட்செல்லாம் இருக்குற பெட்டி) இருக்குற ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச், டப்புன்னு விழுந்து வீடே இருட்டாயிடும். அரவேணு பக்கம் வீடு, மூணு நாளா மூடுபனி விலகல, அம்மாவுக்கு வெந்நீர் இல்லாம முடியாது. கீசர் தான் போச்சுன்னு புதுசு வாங்க கிளம்பிட்டேன். கடைசில கீசர் மேல ஒரு தப்பும் இல்ல. மொத்தம் ஆனது 1,880 ரூபா, அதுல சாமான் வெறும் 180, மீதி 1,700ம் எங்க கோளாறுன்னு தேடுன கூலி. அந்தக் கூலி எப்படி ஏறுது, அதுல நம்ம கையில இருக்குறது எவ்வளவுன்னு தெரியாம தான் நிறைய பேர் ஒண்ணு ஏமாறுறாங்க, இல்லன்னா உழைச்ச மனுஷனை சந்தேகப்படுறாங்க.

முதல்ல, கருகுற வாசனை வந்தாலோ, டிபி மூடி தொட்டா சுட்டாலோ, உள்ள ர்ர்ர்னு சத்தம் கேட்டாலோ எதையும் சோதிக்காதீங்க, கை காய்ஞ்சிருந்தா மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடுங்க. சில லைட் பளிச்சுன்னும் சில லைட் மங்கலாவும் எரிஞ்சா நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) விட்டிருக்கலாம், த்ரீ பேஸ் வீட்ல டிவி ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிடும், அப்பவும் உடனே மெயின் ஆஃப். பக்கத்து வீட்லயும் அதே கதைன்னா கம்பத்துல தான் கோளாறு, அது இபி வேலை, மின்னகம் 94987 94987க்கு போன் பண்ணுங்க, அதுக்கு தனியா எலக்ட்ரீசியனை வரவழைச்சு காசு குடுக்காதீங்க. மீட்டர் சீலை யாரையும் தொட விடாதீங்க.

அதெல்லாம் இல்லாம வெறுமனே ட்ரிப் ஆகுதுன்னா, எது விழுதுன்னு பாருங்க. எம்சிபி (ஒவ்வொரு லைனுக்கும் இருக்குற சின்ன ட்ரிப் சுவிட்ச்) போட்ட உடனே விழுந்தா ஷார்ட், பத்து இருவது நிமிஷம் கழிச்சு விழுந்தா ஓவர்லோடு இல்லன்னா ஸ்க்ரூ லூஸ். மார்கழி குளிர்ல ஒரே லைன்ல 2000 வாட் ஹீட்டர் மூணு போட்டா 26 ஆம்பியர் வரைக்கும் போகும், 16 ஆம்ப் எம்சிபி எவ்வளவு நேரம் தாங்கும் சொல்லுங்க, அதுக்கு ஆளே வேணாம். ஆர்சிசிபி விழுந்தா கரண்ட் எங்கயோ எர்த்துக்கு கசியுது, வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழுந்துடும்.

அப்ப எல்லா எம்சிபியும் கீழ தள்ளிட்டு, ஆர்சிசிபியை தூக்கிட்டு, ஒவ்வொண்ணா போட்டு வாங்க. ஒரு குறிப்பிட்ட எம்சிபி போடும்போது விழுந்தா அந்த லைன், அதுல இருக்குற பிளக் எல்லாம் உருவிட்டு திரும்பப் பாருங்க. இந்த வேலையை நீங்களே முடிச்சு வச்சா எலக்ட்ரீசியனுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்.

ஆனா எங்க வீட்ல நடந்தது வேற, இங்க தான் நிறைய பேர் காசு விடுறாங்க. சிங்கிள் போல் எம்சிபி பேஸை (கரண்ட் வர்ற ஒயரை) மட்டும் தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே தான் இருக்கும். எங்கயாவது நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா, கீசர் மாதிரி பெரிய லோடு போடும்போது திரும்பி வர்ற கரண்ட்ல கொஞ்சம் அந்த வழியா மண்ணுக்குப் போயிடும், ஆர்சிசிபி விழும், பழி கீசர் மேல வரும். இதுக்கு ஒரு சோதனை இருக்கு: கீசரை ஆஃப் பண்ணிட்டு வேற லைன்ல அயர்ன் பாக்ஸ் போடுங்க, அதுக்கும் விழுந்தா கீசரை மாத்தாதீங்க. எங்க வீட்ல அதுக்கும் விழுந்துச்சு.

முதல் நாள் வந்தவர் டெஸ்டரும் ஸ்க்ரூ டிரைவரும் மட்டும் கொண்டு வந்தாரு, 500 ரூபா. மறுநாள் மெகரோட (ஒயர்ல கரண்ட் கசியுதான்னு பார்க்குற மீட்டர்) வந்து டிபில நியூட்ரல் ஒயரை ஒவ்வொண்ணா கழட்டி 500 வோல்ட்ல சோதிச்சாரு, நல்ல லைன் 1 மெகா ஓமுக்கு மேல காட்டணும், ஒண்ணு மட்டும் அவ்வளவு காட்டவே இல்ல. அந்த ஒயரைத் தொடர்ந்து போனா பின்பக்க வெளி லைட்டோட ஜங்ஷன் பாக்ஸ்ல தண்ணி. அரை நாள் கூலி 1,200, புது பாக்ஸும் கனெக்டரும் 180.

அதனால போன்ல பேசும்போதே எது விழுது, எப்ப விழுது, என்ன சோதிச்சீங்கன்னு சொல்லிட்டு மெகர் இருக்கான்னு கேளுங்க. டிபி கதவை மட்டும் திறந்து, ஸ்க்ரூ போட்ட மூடியைக் கழட்டாம போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க, என்ன மாடல்னு தெரிஞ்சா சாமானோட வருவாரு, இல்லன்னா குன்னூர் கடைக்கு ஒரு நடை, அதுக்கும் நாம தான் குடுக்கணும். இன்வெர்ட்டர் இருந்தா கண்டிப்பா சொல்லுங்க, இன்வெர்ட்டர் நியூட்ரலும் இபி நியூட்ரலும் கலந்திருந்தா அதுவே ஆர்சிசிபியை விழ வைக்கும். வர்றதுக்கு எவ்வளவு, தேட மணிக்கா அரை நாளைக்கா, கிடைக்கலன்னா எவ்வளவுன்னு மூணையும் தனித்தனியா கேட்டுக்குங்க. அவர் வர்றதுக்கு முன்னாடி டிவி, மோடம், இன்வெர்ட்டர் பிளக் எல்லாம் உருவி வைங்க, மெகர் வோல்டேஜ் அதுல ஏறக்கூடாது.

இன்னொண்ணு, நம்ம மலைக்கு இது முக்கியம். ஈரத்தால வர்ற கோளாறை வெயில் காயுற நாள்ல தேட ஆள் கூப்பிட்டா எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டு கூலி வாங்கிட்டுப் போவாரு, அவர் மேல தப்பு இல்ல, காய்ஞ்ச ஒயர் கசியாது. மழை பெய்யுற அன்னிக்கே வரச் சொல்லுங்க. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு லைனுக்கும் மெகர் என்ன காட்டுச்சுன்னு தேதி போட்டு ஒரு தாள்ல எழுதி வாங்கி டிபி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, அடுத்த மழைக்கு வேற ஆள் வந்தாலும் முதல்ல இருந்து தேட வேண்டியதில்ல.