ஏர்கோன் போட்டாலும் அனல் காற்று

மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலுக்கு ஹீட்டர் வேறு எதற்கு? என் பழைய காடியில் (காரில்) அது இருக்கிறது. குமிழைக் குளிர்ப் பக்கம் திருப்பினாலும் அனல்தான் அடித்தது.

"ஏர்கோன் கேஸ் முடிஞ்சிருச்சு அண்ணே" என்றார் பட்டறைத் தம்பி. ஆனால் ஏர்கோனின் தடித்த குழாய் சில்லென்று வேர்த்திருந்தது. அப்படியென்றால் குளிர் உண்டாகிறது, உள்ளே ஏதோ சூடு கலக்கிறது.

பானெட்டைத் திறந்து, இன்ஜின் சுவரில் நுழையும், சுடுநீர் ஓடும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் லேசாகத் தொட்டேன். இரண்டும் கொதித்தன. அந்தச் சுடுநீரை அடைக்கும் வால்வு உள்ள காடியில், குமிழ் குளிரில் இருந்தால் அது உள்ளே ஓடக்கூடாது. (வால்வு இல்லாத காடிகளில் ஹோஸ் எப்போதும் சுடும், அங்கே டேஷ்போர்டுக்குள் காற்றின் வழியை மாற்றும் மடலைத்தான் பார்க்க வேண்டும்.)

வால்வை இழுக்கும் கம்பி கிளிப்பிலிருந்து கழன்று தொங்கியது, நெம்புகோலில் துரு. இன்ஜின் ஆறியதும் எண்ணெய் அடித்து அசைத்து, கம்பியை மாட்டினேன். கேஸ் காசு மிச்சம்.