இம்யூன் ஜீன் சிக்னேச்சர்: நானும் பண்ண தப்புங்க

பிரெஸ்ட் கேன்சர்ல யார் பிழைப்பாங்கன்னு கணிக்க எதிர்ப்பு சக்தி சம்பந்தப்பட்ட சில ஜீனைப் பொறுக்கி எடுக்கிற லிஸ்ட்தான் இம்யூன் ஜீன் சிக்னேச்சர். லேப்ல புதுசா சேர்ற பசங்க ஒவ்வொருத்தரா அதே கேப்லான்-மேயர் படத்தை, அதான் நாளாக ஆக எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு காட்டுற கோட்டுப் படத்தை, எடுத்துட்டு வந்து "அக்கா, பி வேல்யூ பாருங்க"ன்னு நிக்கிறாங்க. செவப்புக் கோடு கீழ, நீலக் கோடு மேல. நானும் ஒரு காலத்துல இப்படித்தான் நின்னேன். சில்லறை கோடிங் எரரெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க, அதை விட்டுடறேன்.

குலுக்கல் ஜீனோட ஒப்பிடாம குதிக்கிறது

இன்னைக்கும் எரிச்சலா வர்றது இதுதான். டிசிஜிஏங்கிற பொது கேன்சர் டேட்டாபேஸ்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் பிரெஸ்ட் ட்யூமர் டேட்டா, இம்போர்ட்ங்கிற இம்யூனாலஜி டேட்டாபேஸ்ல இருந்து இம்யூன் ஜீன் லிஸ்ட், எந்த ஜீன் சர்வைவலோட ஒத்துப்போகுதுன்னு பாக்க காக்ஸ் மாடல், அப்புறம் தேவையில்லாத ஜீனைக் கழிக்க லாசோ, கடைசில பத்து ஜீன் தேறுச்சு, ஹை ரிஸ்க் லோ ரிஸ்க்னு அழகா பிரிஞ்சுது, நான் தீசிஸ்ல ஒரு சேப்டரே எழுதி முடிச்சுட்டேன். அப்போ சீனியர் ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டே கேட்டார், "இம்யூன் லிஸ்ட்டுக்குப் பதிலா அதே அளவுக்கு ஏதோ ஜீனை குலுக்கிப் போட்டு ஓட்டிப் பாத்தியாம்மா?" ஓட்டினேன். குலுக்கின லிஸ்ட்ல பாதிக்கு மேல என்னோடதுக்கு சமமா நின்னுச்சு! ஆறு மாச உழைப்பு.

2011லயே வெனே குரூப் 47 சிக்னேச்சரை வச்சு இதைக் காட்டிட்டாங்க. சாப்பிட்டப்புறம் சிரிக்கிறதுக்கான ஜீன் லிஸ்ட் கூட பிரெஸ்ட் கேன்சர்ல யார் பிழைப்பாங்கன்னு "சொல்லுச்சு". காரணம், செல் பெருகுற வேகம். எக்கச்சக்க ஜீன் அதோட சேர்ந்தே ஏறி இறங்கும். என் லிஸ்ட்ல முதல்ல இருந்த பிஐஆர்சி5, அதான் சர்வைவின், பிரெஸ்ட் கேன்சர் திரும்பி வருமான்னு கணிக்கிற ஆன்கோடைப் டிஎக்ஸ் டெஸ்டோட 21 ஜீன்ல பெருக்கம் குரூப்ல உக்காந்திருக்கு. நான் இம்யூன்னு கொண்டாடினது அதைத்தான். அந்த வேகத்தைக் கழிச்சப்புறமும் மிச்சம் நிக்குதான்னு பாருங்க, இல்லேன்னா எழுதவே உக்காராதீங்க.

சப்டைப்பைக் கலக்குறது

பிரெஸ்ட் கேன்சர் ஒரே நோய் இல்ல, பல சப்டைப் உண்டு. ஈஸ்ட்ரோஜன், ப்ரோஜெஸ்டரோன் ரிசெப்டர், ஹெர்2 மூணுமே இல்லாத ட்ரிபிள் நெகட்டிவ்ல ட்யூமருக்குள்ள லிம்போசைட், அதான் எதிர்ப்பு செல், நிறைய இருந்தா நல்ல சேதி. ஹார்மோன் ரிசெப்டர் இருந்து ஹெர்2 இல்லாத லூமினல் வகைல அப்படி இல்ல. 3,771 பேஷன்ட்டை வச்சு 2018ல வந்த பேப்பர்ல அங்க லிம்போசைட் கூடினா ஓவரால் சர்வைவல் குறைஞ்சுதான் இருந்துச்சு. ரெண்டையும் ஒரே மாடல்ல போட்டா என்ன ஆகும்?

டெஸ்ட் செட்டை முன்னாடியே தொடுறது

எல்லாரையும் வச்சு ஜீனைப் பொறுக்கிட்டு அப்புறம் ட்ரெயினிங், டெஸ்ட்னு 70-30 பிரிக்கிறது பிரிக்கிறதே இல்ல.

கட்-ஆஃபை அப்படியே தூக்கிட்டுப் போறது

ஹை ரிஸ்க், லோ ரிஸ்க்னு பிரிக்கிற எல்லையை ஒரு டேட்டால இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போக முடியாது. டிசிஜிஏ ஜீனை அளந்தது ஆர்என்ஏ சீக்வென்சிங்ல, மெட்டாப்ரிக்ங்கிற இன்னொரு பிரெஸ்ட் கேன்சர் டேட்டா மைக்ரோஅரேல. அளவுகோலே வேற.

பத்து வருஷ ஏயூசி

ஏயூசின்னா கணிப்பு எவ்வளவு சரின்னு சொல்ற மார்க். டிசிஜிஏல பேஷன்ட்டைத் தொடர்ந்து பாத்த காலமே கம்மி, அந்த ஃபாலோ-அப்பை வச்சா? ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் இருக்கிற (ஈஆர் பாசிட்டிவ்) கேன்சர் பத்து வருஷம் தாண்டியும் திரும்பி வரும். போடாதீங்க.