அலை சிமுலேஷன் முடிவுகளைச் சீரான கட்டத்துக்கு மாற்றும் முறை

தேங்காப்பட்டணம் முதல் கன்னியாகுமரி வரையிலான கரைக்கடலின் அலைகளைக் கணினியில் கணிக்க, கடற்பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரிக்கும் முக்கோண வலை மிகவும் ஏற்றது. முக்கோணங்களின் முனைகளான கணுக்களைத் துறைமுக வாயிலில் நெருக்கமாகவும் ஆழ்கடலில் அகலமாகவும் வைக்க அது இடம் தருகிறது. ஆனால் கிடைத்த முடிவை வரைபட மென்பொருளில் விரிக்கவோ, இரண்டு சிமுலேஷன்களின் முடிவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்கவோ வேண்டுமானால், சம இடைவெளி கொண்ட கட்டத்தில் மதிப்புகளை இடைக்கணித்து, அதாவது அருகிலுள்ள கணுக்களின் மதிப்புகளிலிருந்து கணக்கிட்டு, எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் முறையில், குமரி மாவட்டம் முழுவதும் 43 வடக்கு மண்டலத்துக்குள் அடங்குவதால் அதற்குரிய இபிஎஸ்ஜி குறியீடான 32643 மட்டுமே போதும்.

அடுத்தது கட்டத்தின் இடைவெளி. நீளம் 50 கிலோமீட்டர், அகலம் 20 கிலோமீட்டர் கொண்ட பரப்பை 20 மீட்டர் இடைவெளியில் எழுதினால் ஒரு நேரப்படிக்கே 25 லட்சம் புள்ளிகள் வரும். ஆழ்கடலில் வலையின் கணுக்கள் 500 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும்போது அங்கே 20 மீட்டர் கட்டம் புதிய தகவல் எதையும் தருவதில்லை. ஆகவே துறைமுகத்துக்கு ஒரு நுண்கட்டமும் மீதிக் கடலுக்கு ஒரு பருங்கட்டமும் என இரண்டு கோப்புகளாகப் பிரிப்பதே நல்லது.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் இடைக்கணிப்புதான். பைத்தான் நிரல்மொழியில் பலரும் எடுத்தவுடன் நாடுவது சைபை என்ற நிரல் நூலகத்தின் கிரிட்டேட்டா (griddata) செயற்கூறு. அது கணுக்களின் ஆயங்களை மட்டும் வாங்கிக்கொண்டு தானாகவே புதிய முக்கோணங்களை அமைக்கிறது. கரை உள்வளைந்திருக்கும் இடங்களிலும் அலைத்தடுப்புச் சுவரின் இருபுறங்களுக்கிடையிலும் அந்த முக்கோணங்கள் நிலத்தைத் தாண்டிப் பாய்ந்துவிடுவதால், சுவருக்கு வெளியே மோதும் அலையின் உயரம் உள்ளே படகு கட்டும் அமைதியான நீரிலும் கசிந்து தெரிகிறது. வள்ளத்தை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கப் பயன்படும் வரைபடத்தில் இது பொறுத்துக்கொள்ளத் தக்க பிழையன்று. மாறாக, அலைகளைக் கணித்த கணினி மாதிரி பயன்படுத்திய முக்கோணப் பட்டியலையே மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தின் டிரையாங்குலேஷனுக்கு (Triangulation) கொடுத்து, அதன் லீனியர்டிரைஇன்டர்போலேட்டர் (LinearTriInterpolator) வழியாக மதிப்புகளைப் பெற்றால், வலைக்கு வெளியே உள்ள புள்ளிகள் மதிப்பின்றி மறைக்கப்பட்டவையாகவே திரும்பி வரும். கணுக்களை 1 முதல் எண்ணும் மாதிரியானால், பட்டியலிலிருந்து ஒன்றைக் கழித்துவிட வேண்டும். பைத்தான் 0 முதல் எண்ணுகிறது.

அலை, காற்று ஆகியவற்றின் திசையை நேராக இடைக்கணிக்கக் கூடாது. இரவில் நிலக்காற்று வடக்கிலிருந்து வீசும்போது ஒரு கணுவில் 350 பாகையும் அடுத்ததில் 10 பாகையும் இருந்தால், நேர்ச் சராசரி 180 ஆகி, காற்றைத் தெற்கிலிருந்து வருவதாகக் காட்டிவிடும். சைன், கொசைன் இரண்டையும் தனித்தனியே இடைக்கணித்து, பிறகு கோணத்தை மீட்டெடுக்க வேண்டும்.

கோப்பை, கட்டத் தரவுகளைச் சேமிக்கும் நெட்சிடிஎஃப் (NetCDF) வடிவில் எழுதுகையில் அலகு, ஆய முறை, தரவு இல்லாத புள்ளிகளைக் குறிக்கும் மதிப்பு ஆகியவற்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நிலத்துக்குப் பூஜ்யம் இடுவது தவறு. பூஜ்யம் அலையற்ற நீரையும் குறிக்குமல்லவா?

கடைசியாக ஒரு சோதனை. அலை உயரத்துக்குப் பதிலாக ஒவ்வொரு கணுவின் கிழக்கு ஆயத்தையே மதிப்பாகக் கொடுத்து, அதே நிரலை ஓட்டிப் பாருங்கள். நேரியல் இடைக்கணிப்பு அதை மாற்றமின்றித் திருப்பித் தர வேண்டும். வடக்கு ஆயத்துக்கும் அவ்வாறே செய்தால், அச்சுகள் இடம் மாறியிருந்தாலும் வரிசைகள் தலைகீழாகி, கடலோர ஊரான முட்டத்துக்குத் தெற்கே உள்ள கடல் வடக்கே ஏறியிருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.